எண்ணிக் கொடுக்கும் பணமும் இணைந்து ஆடும் ஆட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சண்டிலிப்பாய்ப் பகுதியில் நான் அதிபராயிருந்த பாடசாலை ஒன்றின் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை முதலிற் கூறிவிடுகிறேன். மாணவன் ஒருவன் நூறு மீற்றர், இருநூறு மீற்றர், நீளம் பாய்தல் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெறத்தக்கவன். நால்வர் கோலை மாற்றி மாற்றி ஓடும் அஞ்சலோட்டத்தில் அவன் தன் இல்லத்துக்காக இறுதி ஓட்டக்காரனாக நின்றான். கோல் அவன் கைக்கு வந்த வேளையில் அவனுடைய இல்லமே முன்னணியில் இருந்தது. ஆயினும் அவன் முழு வேகத்தோடு ஓடவில்லை என்பதைப் பந்தலில் இருந்த பெற்றோர் அனைவரும் கண்டனர். இல்லம் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அரைமணி நேரங் கழித்து இருநூறு மீற்றர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று நடைபெற்றது. அதில் அவன் காற்றெனப் பறந்தான். அவ்வாண்டின் தனிநபர் வெற்றிக் கிண்ணமும் அவனுக்கே கிடைத்தது.

மறுநாள் அவனை அழைத்துக் கடிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்தபடியே, “சேர், அஞ்சலோட்டத்துக்குத் தனிப்புள்ளி இல்லையே” என்றான்.

அவன் மறுமொழியில் இருந்தது துடுக்குத்தனமா, உண்மையா என்று சிறிது நேரம் எனக்கு விளங்கவில்லை. பின்னர் போட்டி விதிகள் அடங்கிய தாளை எடுத்துப் பார்த்தேன். தனி நிகழ்ச்சியில் முதலிடத்துக்கு இத்தனை புள்ளி, இரண்டாமிடத்துக்கு இத்தனை புள்ளி என்று வரையறுத்திருந்தோம். அஞ்சலோட்டத்தின் புள்ளிகள் இல்லத்துக்கு மாத்திரமே சேரும் என்றும் எழுதியிருந்தோம். அத்தாளின் அடியில் இருந்த ஒப்பம் என்னுடையது.

அன்று தொட்டு, விளையாட்டில் எண்ணிக் கொடுக்கும் பரிசும் பணமும் விளையாடுவோனின் மனத்தை எவ்வாறு திருப்புகின்றன என்ற வினா என்னை விட்டகலவில்லை. அதற்கு விடை தேடிப் படிக்கப் புகுந்தபோது, நம் நாட்டில் அதிகம் ஆடப்படாத ஓர் ஆட்டமே மிகுந்த வெளிச்சம் தந்தது. அதுதான் அமெரிக்கர்களின் பேஸ்போல்.

பேஸ்போலை அறியாத நேயர்களுக்காக இரண்டொரு சொற்கள். சதுரம் போன்ற ஒரு திடலின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் இருக்கும். ஒருவர் பந்தை எறிய, எதிரணியைச் சேர்ந்தவர் உருண்டைத் துடுப்பால் அதை அடித்து, தளத்திலிருந்து தளத்துக்கு ஓடுவார். நான்கு தளங்களையும் சுற்றி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். ஓரணியில் மூவர் ஆட்டமிழந்தால் அவ்வணியின் முறை முடிந்துவிடும். இவ்வாறு இரு அணிகளும் ஒன்பது சுற்றுக்கள் ஆடவேண்டும். பெருங்கழகம் ஒவ்வொன்றும் ஒரு பருவகாலத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஆதலால், எண்ணுவதற்கு இந்த ஆட்டத்தில் உள்ளது போல வேறெதிலும் இல்லை. எத்தனை முறை துடுப்போடு நின்றார், எத்தனை முறை வெற்றியாக அடித்தார், எத்தனை சுற்றுக்கள் பந்தெறிந்தார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பேரேடே உண்டு.

இந்த ஆட்டத்தில் ‘தியாக அடி’ என்று அழைக்கப்படும் ஓர் உத்தி இருக்கின்றது. தன் அணித் தோழன் ஒரு தளத்தில் நிற்கிறான். அவனை அடுத்த தளத்துக்கு நகர்த்த வேண்டும். துடுப்பாளர் பந்தை வீசி அடிக்காமல், துடுப்பை நீட்டி மெல்லத் தொட்டு உருட்டிவிடுகிறார். தான் ஆட்டமிழப்பது ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தே செய்கிறார். தோழன் ஒரு தளம் முன்னேறுகிறான். இவர் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியேறுகிறார். இதில் என்னை வியப்பில் ஆழ்த்தியது அச்செயல் அன்று. கணக்கெழுதுவோர் அதற்குத் தந்த இடம். ஒருவருடைய அடிச் சராசரியைக் கணிக்கும்போது தியாக அடியை அவர் துடுப்போடு நின்ற முறைகளுள் ஒன்றாக எண்ணுவதில்லை. அணிக்காகத் தன்னை இழந்தவனுடைய பேரேட்டில் அவ்விழப்புப் பதியாமல் விட வேண்டும் என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள். எங்கள் போட்டித் தாளை எழுதியபோது எங்களுக்கு இந்த எண்ணம் தோன்றவில்லை.

இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். பேஸ்போல் வீரர் கழகத்தோடு ஒப்பந்தம் செய்யும்போது அடிப்படைச் சம்பளத்தோடு ஊக்கத்தொகையும் பேசிக்கொள்வது வழக்கம். நம்மவரிற் பலர், இத்தனை அடி அடித்தால் இத்தனை டொலர் என்று பேசுவார்கள் போலும் என்றே நினைப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது. அடிச் சராசரிக்கோ, திடலைத் தாண்டி அடிக்கும் அடிகளின் தொகைக்கோ, பந்தெறிவோர் பெறும் வெற்றிகளின் தொகைக்கோ ஊக்கத்தொகை வைத்து எழுதும் ஒப்பந்தத்தைப் பெருங்கழகங்களின் விதி ஏற்பதில்லை. கழகம் பருவகால முடிவில் எந்த இடத்தில் நிற்கின்றது என்பதை வைத்தும் ஊக்கத்தொகை எழுதக் கூடாது. விளையாடிய ஆட்டங்களின் தொகை, துடுப்போடு நின்ற முறைகளின் தொகை, பந்தெறிந்த சுற்றுக்களின் தொகை ஆகியவற்றை வைத்து எழுதலாம். பருவகால முடிவில் வழங்கப்படும் விருதுகளை வைத்தும் எழுதலாம்.

பணத்துக்குப் பஞ்சமில்லாத தேசம். எதையும் விலை பேசத் தயங்காத தொழில். அங்கேயே, திறமையின் எண்ணிக்கைக்கு நேரடியாக விலை வைக்கலாகாது என்று வேலி போட்டிருக்கிறார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. திடலைத் தாண்டும் அடி ஒன்றுக்கு இவ்வளவு பணம் என்று எழுதிவிட்டால், தியாக அடி வேண்டிய தருணத்தில் துடுப்பாளர் எதை நினைப்பார்? அவர் நல்லவராகவே இருக்கட்டும். வீட்டில் அவருக்கு மனைவி மக்கள் உண்டு; ஆடக்கூடிய ஆண்டுகளோ சில. அணிக்காக ஆடும் ஒவ்வொரு முறையும் தன் மக்களின் சோற்றிலிருந்து ஒரு கவளத்தை எடுத்து வைப்பது போன்ற நிலையில் அவரை நிறுத்துவது நியாயமாகுமா?

எனினும் விளையாடிய முறைகளை எண்ணும் ஒப்பந்தம் குற்றமற்றது என்று எண்ணிவிட வேண்டா. அங்கே தன்னலம் வீரரிடமிருந்து இடம்பெயர்ந்து, அவரைக் களத்தில் இறக்குவோரிடம் குடிபுகுகின்றது. இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினால் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றிருக்கையில், அவரை இருக்கையில் அமர்த்திவிட முதலாளிக்கு ஆசை பிறக்காதா?

இவ்வச்சத்துக்கு உருவம் கொடுத்த பழைய கதை ஒன்று அமெரிக்காவில் உலவுகின்றது. சிக்காகோ வைற் சொக்ஸ் கழகத்தின் பந்தெறிவீரர் எடி சிக்கொற்றி. அவர் முப்பது ஆட்டங்களில் வென்றால் பத்தாயிரம் டொலர் தருவதாகக் கழக உரிமையாளர் சார்ள்ஸ் கொமிஸ்கி வாக்களித்தாராம். இருபத்தொன்பது வெற்றிகள் ஆனதும் ஓய்வெடு என்று கூறி அவரைக் களமிறக்காது விட்டாராம். 1988 இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று இக்கதையை ஊரறியச் செய்தது. 1919 இல் சிக்கொற்றி பெற்ற வெற்றிகள் இருபத்தொன்பது என்பது மெய். ஆனால் அக்கால ஒப்பந்தப் பதிவுகளைத் துருவிப் பார்த்த பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பத்தாயிரம் டொலர் வாக்குறுதியை நம்புவதில்லை. கதை பொய்யாயினும், அதனை அடுத்து நடந்தது பொய்யன்று. அவ்வாண்டின் இறுதித் தொடரில் வேண்டுமென்றே தோற்பதற்குச் சூதாடிகளிடம் பணம் பெற்றதாக அக்கழகத்தின் எண்மர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. தான் வாங்கியது பத்தாயிரம் டொலர் என்று சிக்கொற்றி 1920 இல் விசாரணையின்போது ஒப்புக்கொண்டார். 1921 இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தபோதிலும் பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ் எண்மரையும் ஆட்டத்திலிருந்து ஆயுள் முழுதும் விலக்கினார். மறைந்துபோன அவர்கள் மீதிருந்த அத்தடை 2025 இலேதான் அகற்றப்பட்டது. வாக்குறுதிக் கதை ஏன் பரவிற்று என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒருவன் விலைபோனான் என்று கேட்டால், அவனுக்கு உரியது மறுக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கவே மக்கள் மனம் விரும்புகின்றது போலும்.

முதலாளியின் எண்ணிக்கைக்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. பேஸ்போலில் 172 நாட்கள் பெருங்கழகப் பட்டியலில் இருந்தால் ஓராண்டுச் சேவை. ஆறு ஆண்டுச் சேவை நிறைந்த வீரர் விரும்பிய கழகத்துக்குச் செல்லும் உரிமை பெறுகிறார். 2015 இல் சிக்காகோ கப்ஸ் கழகம் கிரிஸ் பிரையன்ற் என்ற இளம் வீரரைப் பருவகாலம் தொடங்கிச் சில நாட்கள் கழிந்த பின்னரே பெருங்கழகப் பட்டியலிற் சேர்த்தது. அவருக்கு அவ்வாண்டு கிடைத்தது 171 நாட்கள். ஒரு நாள் குறைவு. அவர் முறையிட்டார், 2020 இல் நடுவர் அம்முறையீட்டைத் தள்ளிவிட்டார். வீரர்கள் மட்டுமே தன்னலக்காரர் என்று பேசுவோர் அந்த ஒரு நாளையும் தராசில் இடவேண்டும்.

இனி, நான் மிகவும் விரும்பும் ஒரு நிகழ்ச்சி. 2014 இல் மின்னசோற்றா ருவின்ஸ் கழகத்துக்குப் பந்தெறிந்தவர் பில் ஹியூஸ். அப்பருவகாலத்தில் 210 சுற்றுக்கள் எறிந்து முடித்தால் ஐந்து இலட்சம் டொலர் ஊக்கத்தொகை என்பது அவரது ஒப்பந்தத்தின் ஒரு விதி. செப்ரெம்பர் மாதம் 24 ஆந் திகதி அவருடைய முறைப்படியான கடைசி ஆட்டம். எட்டுச் சுற்றுக்கள் எறிந்தாயிற்று. ஒன்பதாம் சுற்றுக்கு முன்னர் மழை கொட்டியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. அவ்வளவு நேரம் ஆறிப்போன கையோடு மீண்டும் எறிவது கைக்குக் கேடு என்பதால் அவர் திரும்பி வரவில்லை. கணக்கைக் கூட்டினார்கள்: 209 சுற்றுக்களும், இன்னொரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கும். ஒரு சுற்றுக்கு மூன்று ஆட்டமிழப்பு என்று முன்னர் கூறினேனல்லவா? ஆக, இன்னும் ஒரேயொருவரை வீழ்த்தியிருந்தால் போதும். ஐந்து இலட்சம் டொலர்.

பருவகாலம் முடியச் சில நாட்கள் எஞ்சியிருந்தன. கழகம் இரக்கத்தோடு ஒரு வழி காட்டியது. கடைசி ஆட்டங்களில் ஒன்றில் இடையில் வந்து ஒருவரை மட்டும் வீழ்த்திவிட்டுப் போகலாம் என்றது. ஹியூஸ் மறுத்துவிட்டார். அது முறையாகத் தமக்குத் தோன்றவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். அவ்வாண்டு அவர் வீழ்த்திய 186 பேருக்கு, தவறாக எறிந்து தளத்துக்கு இலவசமாக அனுப்பியவர் பதினாறு பேர் மட்டுமே. பெருங்கழக வரலாற்றில் அத்துணைச் சிறந்த விகிதம் அதுவரை பதிவாகவில்லை. அத்தகைய ஆண்டை ஓர் ஆட்டமிழப்புக்காகக் கொச்சைப்படுத்த அவர் விரும்பவில்லை போலும். பருவகாலம் முடிந்தபின், அதே கழகம் அவருடைய ஒப்பந்தத்தை மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் பெருந்தொகைக்கு நீடித்தது. அது அவர் மறுத்ததற்குக் கிடைத்த பரிசு என்று நான் கூற வரவில்லை. பந்தை நன்றாக எறிந்ததற்கே அது கிடைத்தது.

பணம் குறுக்கிடாத இடத்திலும் எண் மனிதனை மயக்கவல்லது. ஆயிரத்துக்கு நானூறு என்ற அடிச் சராசரி பேஸ்போலில் சிகரம். 1941 செப்ரெம்பர் 28, பருவகாலத்தின் கடைசி நாள். பொஸ்ரன் கழகத்தின் ரெட் வில்லியம்ஸ் அன்று காலையில் 399 உக்கும் 400 உக்கும் இடையில் நின்றார். முழு எண்ணாக்கினால் 400 என்றே எழுதப்படும். நீர் இன்று ஆடாமலிருக்கலாம் என்று அணி முகாமையாளர் இடங்கொடுத்தார். வில்லியம்ஸ் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார். எட்டு முறையில் ஆறு முறை வெற்றியாக அடித்து 406 இல் முடித்தார். சரியாக எழுபது ஆண்டுகளின் பின்னர், 2011 செப்ரெம்பர் 28. அன்றும் பருவகாலத்தின் கடைசி நாள். நியூ யோர்க் மெற்ஸ் கழகத்தின் ஹொசே ரேயெஸ் அடிச் சராசரியில் முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். முதல் முறையிலேயே பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடி ஒரு வெற்றி அடியைப் பெற்றார். உடனே ஆட்டத்தை விட்டு வெளியேறினார். சராசரி 337, முதலிடம் அவருக்கே. அரங்கில் இருந்தோர் கூச்சலிட்டுக் கண்டித்தனர். அந்நாளோடு அவரது ஒப்பந்தமும் முடிவடைந்தது. டிசெம்பரில் வேறொரு கழகம் பத்துக்கோடி டொலருக்கு மேல் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. எந்த விதியையும் அவர் மீறவில்லை. ஆயினும் பணம் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கி வந்தவன், அவர் ஆடுவதைக் காணவே வந்தான்.

நேயர்களே, அமெரிக்காவை விட்டு இனி நம் தீவுக்கு வருவோம். நம்மவர் அறிந்த கிரிக்கெட்டிலும் இதே முடிச்சுத்தான். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் உலகக் கிண்ணத்தை இலங்கை வென்ற நாளை மறந்தவர் எவர்? இறுதி ஆட்டத்தில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற்றதோடு மூன்று விக்கெட்டுக்களையும் வீழ்த்தினார். அது எண்ணில் அடங்கும் பெருமை. எண்ணில் அடங்காத பெருமை ஒன்றும் அத்தொடரில் உண்டு. முதல் பதினைந்து ஓவர்களில் அஞ்சாது அடித்து எதிரணியைக் கலங்கடிப்பது என்ற திட்டத்தோடு ஜயசூரியவும் களுவிதாரணவும் இறங்கினார்கள். அத்தொடரில் களுவிதாரண ஆறு ஆட்டங்களில் பெற்ற மொத்த ஓட்டங்கள் 73. சராசரி பன்னிரண்டு. புள்ளிக் கணக்கை மட்டும் வைத்துச் சம்பளம் பேசினால் அவர் எங்கே நிற்பார்? ஆயினும், இன்றேல் நாளை, நாளையன்றேல் மறுநாள் இவ்விருவரில் ஒருவர் அடித்து நொறுக்குவார் என்ற அச்சத்தைப் பந்துவீச்சாளருக்கு ஊட்டியதில் அவருக்கும் பங்குண்டு. தன் சராசரியைக் காக்க நினைக்கும் ஒருவர் அத்திட்டத்துக்கு இசைந்திருக்க மாட்டார்.

எண் மீதுள்ள மோகம் எதிராளியையும் தொற்றும் என்பதற்குத் தம்புள்ளையில் 2010 ஓகஸ்ட் 16 அன்று நிகழ்ந்தது சான்று. இந்தியாவின் வெற்றிக்கு ஓர் ஓட்டம் தேவை. சேவாக் 99 ஓட்டங்களில் நின்றார். சுராஜ் ரந்தீவ் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி முறையற்ற பந்தை வீசினார். முறையற்ற பந்துக்குரிய ஓர் ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது. அப்பந்தைச் சேவாக் ஆறு ஓட்டமாக அடித்தும் அது கணக்கில் ஏறவில்லை. தோல்வி உறுதியாகிவிட்ட அணி, எதிரி ஒருவரின் நூறைத் தடுப்பதில் என்ன ஆறுதல் கண்டது? இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் ரந்தீவை ஓர் ஆட்டத்துக்கு விலக்கிற்று. டில்ஷானுக்கும் தண்டம் விதித்தது. மானத்தை ஓரளவு காத்துக்கொண்டோம்.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் காலித் திடலில் முத்தையா முரளிதரன் தமது இறுதி டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். ஆட்டம் தொடங்குகையில் அவரிடம் இருந்தவை 792 விக்கெட்டுக்கள். 800 ஐ அடைய எட்டு வேண்டும். 1999 இல் டில்லியில் அனில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுக்களையும் வீழ்த்தியபோது, ஒன்பதுக்குப் பின்னர் தோழர் சிறிநாத் துடுப்புக்கு எட்டாத தூரத்தில் பந்துகளை வீசி அவருக்கு வழிவிட்டார். காலியில் அவ்வாறு எவரும் வழிவிடவில்லை. இரண்டாம் இன்னிங்ஸில் மாலிங்க ஐந்து பேரை வீழ்த்தினார். லக்ஷ்மன் ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். பந்தை எறியாமல் வைத்திருப்போம் என்று யாரும் நினைக்கவில்லை. எஞ்சிய கடைசி விக்கெட் முரளிக்குக் கிடைத்தது, எண்ணூறு நிறைந்தது, இலங்கையும் வென்றது. சிறிநாத் செய்ததை நான் குறைகூறவில்லை. எனினும் காலியில் வந்த எண்ணூறே எனக்கு இனிக்கின்றது.

ஊக்கத்தொகை என்ற பெயரில் நம் நாட்டிலேயே பெரும் பூசல் மூண்டது 2021 இல். அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் 24 வீரர்களுக்குப் புதுமுறை ஒப்பந்தம் நீட்டியது. அவுஸ்திரேலியரான டொம் மூடியும் அரவிந்த டி சில்வா தலைமையிலான ஆலோசனைக் குழுவும் வகுத்த முறை அது. நூறு புள்ளிகள்: முந்திய இரண்டு ஆண்டுகளின் ஆட்டத் திறமைக்கு ஐம்பது, உடற்தகுதிக்கு இருபது, தலைமைப் பண்பு, தொழில் ஒழுக்கம், எதிர்காலப் பயன்பாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் பத்து. கூட்டிப் பார்த்துத் தரம் பிரித்துச் சம்பளம். தாளிற் படிக்கையில் நேர்த்தியான முறைதான். ஓட்டம் மட்டும் எண்ணப்படவில்லை, ஒழுக்கமும் எண்ணப்பட்டது. எம்மைப் போன்ற ஆசிரியர்கள் பரீட்சைப் புள்ளிகளோடு வரவுக்கும் நடத்தைக்கும் புள்ளி சேர்ப்பதை ஒத்தது அது.

வீரர்கள் ஒப்பமிட மறுத்தனர். பணம் குறைந்தது ஒரு காரணம் என்பதை மறைப்பதில் பயனில்லை. அஞ்சலோ மத்தியூஸுக்கு ஐம்பதினாயிரம் டொலரும், திமுத் கருணாரத்னவுக்கு முப்பதினாயிரம் டொலரும் குறைந்தனவாகச் செய்திகள் வெளியாயின. அதற்கு முந்திய மாதந்தான் டெஸ்ட் அணித் தலைவராகப் பல்லேகலையில் கருணாரத்ன 244 ஓட்டங்களும், அடுத்த ஆட்டத்தில் 118 ஓட்டங்களும் பெற்றிருந்தார். ஆனால் அவர்கள் உரத்துக் கேட்டது வேறொன்று: எங்கள் ஒவ்வொருவருக்கும் எதற்கு எத்தனை புள்ளி இட்டீர்கள் என்று காட்டுங்கள் என்பதே. ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்பமிடாமலே அவர்கள் இங்கிலாந்துக்குச் சென்று ஆடினர். ஜூலையில் இந்தியத் தொடருக்கு முன் சுற்றுப்பயண ஒப்பந்தத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்பமிட்டனர்.

நாடு பெருந்தொற்றால் வாடிய காலத்தில் டொலர்க் கணக்குப் பேசுகிறார்களே என்று அவர்களைத் தன்னலக்காரர் எனத் திட்டியவர் பலர். அக்கோபத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். புள்ளியைச் சொல்லிவிட்டு விடைத்தாளைக் காட்டாத ஆசிரியரை எந்த மாணவனும் நம்புவதில்லை. அவர் இட்ட புள்ளி சரியாகவே இருந்தாலும் நம்புவதில்லை. தலைமைப் பண்புக்குப் பத்தில் நான்கு என்றால், அந்த ஆறு எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு.

எண்ணிக் கொடுப்பது எங்குமே தவறு என்று நான் வாதிட வரவில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவர் நடுவில் அமர்ந்து பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டினார்கள். விரைவாகச் சுருட்டியவர் கூடுதலாகப் பெற்றார். அடுத்தவருக்கு அதனால் நட்டமில்லை. ஒருவன் கைவேலை மற்றவன் கைவேலையிலிருந்து பிரித்தெடுக்கக் கூடியதாயிருந்தது. ஆகவே எண்ணுவதும் நீதியாயிருந்தது. அஞ்சலோட்டத்திலோ, கோல் கைமாறும் அந்தக் கணம் எவனுடையது? கொடுத்தவனுடையதா, வாங்கியவனுடையதா?

பாடசாலைகளும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. 1862 இல் இங்கிலாந்தில் றொபேட் லோ என்பவர் கொண்டுவந்த முறைப்படி, பரிசோதகர் முன்னிலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய ஒவ்வொன்றிலும் சித்தியடையும் பிள்ளைக்கு இரண்டு சிலிங் எட்டுப் பென்ஸ் வீதம் பாடசாலைக்கு நன்கொடை கிடைத்தது. இலங்கையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்குத் தேர்வுப் பேற்றை நோக்கிப் பணம் வழங்கப்பட்டது. விளைவு யாதெனில், வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். சித்தியடைய மாட்டாத பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளையும் ஆசிரியருக்கு இரண்டாம்பட்சமாயினர். கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னல்ட் அம்முறையை வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. அக்கால ஆசிரியர்கள் எல்லோரும் பேராசைக்காரரா? அல்லர். எதற்குப் பணம் வருமோ அதைச் செய்தார்கள்.

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை 2024 மார்ச்சில் அறிவித்த திட்டம் ஒன்று பேஸ்போல் விதியை ஒத்திருக்கின்றது. ஒரு பருவகாலத்தின் டெஸ்ட் ஆட்டங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஆடும் வீரருக்கு, வழக்கமான ஊதியத்துக்கு மேலாக ஆட்டமொன்றுக்கு 45 இலட்சம் ரூபா. நூறு அடித்தாரா, சுழியத்தில் வெளியேறினாரா என்ற கேள்வி இல்லை. களத்தில் நின்றாரா என்பதே கேள்வி. ஐந்து நாள் ஆட்டத்தை விட்டு ஓடுவோரைப் பிடித்துவைக்க இது உதவலாம். காயத்தை மறைத்து ஆடத் தூண்டுமோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

பேஸ்போல் ஏற்பாடுகளில் இன்னொன்று என் மனத்துக்கு உகந்தது. பருவகால இறுதியில் நடக்கும் வெற்றித் தொடர்களின் நுழைவுச் சீட்டு வருமானத்தில் ஒரு பகுதி வீரர்களுக்கென ஒதுக்கப்படும். அதை எவ்வாறு பங்கிடுவது என்பதை வீரர்களே கூடி வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். நட்சத்திர வீரருக்கு ஒரு முழுப்பங்கு. உடற்பயிற்சியாளர் போன்ற பணியாளருக்கும் முழுப்பங்கு கொடுப்பதுண்டு. இடையில் வந்து சில வாரங்கள் ஆடியவருக்குப் பாதிப் பங்கோ காற்பங்கோ கிடைக்கும். யார் உழைத்தார் என்பது கணக்கெழுதுவோரைவிடக் கூட ஆடியவர்களுக்குத்தானே நன்கு தெரியும்?

எங்கள் போட்டித் தாளையும் பிறகு திருத்தினோம். அஞ்சலோட்டத்தில் முதலிடம் பெறும் நால்வருக்கும் தனிநபர்ப் புள்ளி சேரும் என்று எழுதினோம். அடுத்த ஆண்டு அஞ்சலோட்டம் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. எவனும் காலைச் சோரவிடவில்லை. போட்டி முடிந்த மாலை உடற்கல்வி ஆசிரியர் என் அறைக்கு வந்தார். நால்வர் அணியிலிருந்து நீக்கப்பட்ட பையன் ஒருவனின் தகப்பனார் வாயிலில் நிற்கிறார் என்றார். தம் மகனை விடப் பிந்தி ஓடுபவனை, வெற்றிக் கிண்ணத்துக்குப் புள்ளி சேர்ப்பதற்காகவே அணியிற் சேர்த்துவிட்டார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. அவரை உள்ளே அழைத்து அமரச் சொன்னேன். தேர்வு ஓட்டத்தில் ஒவ்வொரு பையனும் எடுத்த நேரம் எழுதப்பட்ட தாளை மேசைமேல் விரித்தேன்.